கிழவனின் கடலை விரலால் வரைந்தவர்

கேள்வி இது: "ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' நாவலைப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு வாசித்து முடித்தேன். அடுத்து அதன் அனிமேஷன் குறும்படத்தைக் காட்டலாம் என்று முதலில் நான் மட்டும் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கதையில் பாதியைக் காணோம். இதை நல்ல தழுவல் என்று சொல்லலாமா? ஒவ்வொரு ஃபிரேமும் எண்ணெய் வண்ணத்தில் கையால் வரைந்தது என்கிறார்களே, நிஜமா? எனக்கு ஏதோ கம்ப்யூட்டர் வேலை மாதிரி தெரிகிறது."

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதற்கெல்லாம் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

நிஜம்தான். நீங்கள் பார்த்தது அலெக்ஸாண்டர் பெத்ரோவ் இயக்கி 1999-இல் வெளிவந்த படம். ரஷ்யாவில் வோல்கா நதிக்கரையில் உள்ள யாரஸ்லாவ்ல் பகுதிக்காரர். கனடா, ரஷ்யா, ஜப்பான் மூன்றும் சேர்ந்த தயாரிப்பு. வேலை நடந்தது கனடாவின் மான்ட்ரியல் நகரில். 2000-ஆம் ஆண்டு சிறந்த அனிமேஷன் குறும்படத்துக்கான ஆஸ்கர் விருது இதற்குக் கிடைத்தது. படத்தின் நீளம் சுமார் இருபது நிமிடம். அதற்காக வரையப்பட்ட ஓவியங்கள் 29,000-க்கும் மேல்.

இந்த எண்ணைக் கேட்டதும் விளம்பரத்துக்குச் சொல்கிறார்களோ என்று தோன்றும். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம். இருபது நிமிடத்துக்கு 28,800. ஆக, ஒரு ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்திவைத்து வேலையைப் பாதியாக்கும் வழக்கமான சிக்கனத்தைக்கூட அவர் பெரிதாகக் கையாளவில்லை என்று தெரிகிறது. 1997 மார்ச்சில் தொடங்கி 1999 ஏப்ரலில் முடித்தார்கள். மகன் திமித்ரி உடனிருந்து உதவினார். ஞாயிறு, பண்டிகை எதுவும் பார்க்காமல் உட்கார்ந்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும் நாளொன்றுக்கு 38 ஓவியம் வருகிறது. திரையில் அது ஒன்றரை நொடி. கிழவன் ஒருமுறை கயிற்றை இழுத்து மூச்சுவிடும் நேரம்.

எப்படிச் செய்வார்கள் என்றால், மேசைபோல் கிடக்கும் கண்ணாடி, அதற்குக் கீழே விளக்கு, நேர் மேலே கேமரா. கண்ணாடியின்மேல் மெதுவாகக் காயும் எண்ணெய் வண்ணத்தால் ஓவியம். ஒரு படம் எடுத்ததும் அந்த ஓவியத்தையே, ஈரம் இருக்கும்போதே, அடுத்த அசைவுக்கு ஏற்பத் தேய்த்தும் துடைத்தும் மாற்ற வேண்டும். மறுபடி ஒரு படம். மறுபடி மாற்றம். பெத்ரோவ் இதைப் பெரும்பாலும் தூரிகை இல்லாமல் விரல்நுனியால் செய்கிறவர். கண்ணாடியும் ஒன்று அல்ல. ஒன்றன்மேல் ஒன்றாகச் சில அடுக்குகள். பின்னணி ஒரு தட்டில், ஆள் ஒரு தட்டில். அதனால்தான் தூரத்துக் கடல் மங்கலாகவும் படகு கிட்டத்திலும் தெரிகிறது. கீழிருந்து வரும் வெளிச்சம் வண்ணத்தை ஊடுருவி வருவதால் அந்தத் தண்ணீருக்குள் ஒரு ஒளி இருக்கிறது. உங்களுக்குக் கம்ப்யூட்டர் வேலையாகத் தோன்றியது அந்த ஒளியாலும் கேமரா நகரும் துல்லியத்தாலும்தான் என்று நினைக்கிறேன். கம்ப்யூட்டர் இருந்தது உண்மை. கேமராவை நகர்த்தும் மேடையைக் கணினிதான் இயக்கியது. ஓவியத்தைத் தொட்டது மனிதக் கை மட்டுமே.

இன்னொரு கடினமும் உண்டு. இதை ஐமேக்ஸ் என்னும் மிகப் பெரிய திரைக்கென்று எடுத்தார்கள். ஐமேக்ஸில் ஃபிலிமின் ஒரு ஃபிரேம் சாதாரண 35 மில்லிமீட்டர் ஃபிரேமைவிடப் பரப்பில் பல மடங்கு பெரியது. மாடிக்கட்டட உயரத் திரையில் விழும்போது சின்னப் பிசிறும் மறையாது. அதனால் வழக்கமான ஏ4 அளவைப்போல் நான்கு மடங்கு பெரிய கண்ணாடியில் வரைய வேண்டியிருந்தது. அவ்வளவு பரப்பையும் ஒவ்வொரு முறையும் விரலால் திருத்துவது.

நான் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவன். ஒரு கோடை விடுமுறையில் ஐந்தாறு மாணவர்களோடு இதைச் செய்து பார்த்தேன். பழைய ஜன்னல் கண்ணாடி, கீழே ஒரு மேசை விளக்கு, மேலே ஸ்டாண்டில் மாட்டிய ஃபோன். முதல் நாள் ஒரு பையன் அக்ரிலிக் கொண்டுவந்தான்; மே மாத வெக்கையில் மூன்றாவது படத்துக்குள் அது காய்ந்து தோலாகிவிட்டது. மறுநாள் எண்ணெய் வண்ணத்தில் ஆளி விதை எண்ணெய் கலந்து தொடங்கினோம். ஒரு சின்னப் படகு அலையில் ஏறி இறங்க வேண்டும், அவ்வளவுதான். பத்துப் படம்வரை எல்லோருக்கும் உற்சாகம். பிறகு நீலமும் படகின் பழுப்பும் ஒன்றோடொன்று கலந்து சேற்று நிறமாகத் தொடங்கியது. எந்த இடத்தில் துடைத்துவிட்டுப் புது வண்ணம் வைக்க வேண்டும், எந்த இடத்தில் கலக்கவிட வேண்டும் என்பது ஒவ்வொரு நொடியும் எடுக்க வேண்டிய முடிவு என்று அப்போதுதான் உறைத்தது. பதினேழாவது படத்தில் ஒரு மாணவியின் முழங்கை பட்டு வானம் முழுவதும் இழுபட்டுப்போனது. பழைய நிலைக்குத் திரும்ப வழியே இல்லை. முந்தைய ஓவியம் என்று ஒன்று உலகத்தில் இல்லை. ஃபோனில் அதன் படம் மட்டும் இருக்கிறது. அவள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு அந்த இழுபட்ட வானத்தையே மழை மேகமாக்கித் தொடர்ந்தாள். இரவு ஒன்பது மணிக்கு எங்களிடம் 24 படங்கள். ஓட்டிப் பார்த்தபோது ஒரு நொடி.

அந்த ஒரு நொடிக்குப் பிறகு பெத்ரோவின் படத்தை மறுபடி பார்த்தேன். அதுவரை எனக்கும் உங்கள் கேள்விதான் இருந்தது, பாதிக் கதை எங்கே என்று. இப்போது வேறு மாதிரி பார்க்கிறேன்.

தனியாகக் கடலுக்குப் போய் ஒரு பெரிய மீனோடு மூன்று நாள் போராடி, கடைசியில் அதைச் சுறாக்களிடம் பறிகொடுக்கும் மீனவக் கிழவனின் கதை இது. நாவலில் கிழவனின் தோற்றத்தைச் சொல்லும்போது, அவனிடம் எல்லாமே கிழடுதட்டிவிட்டன, கண்களைத் தவிர என்று வரும். அந்தக் கண்களுக்குக் கடலின் நிறம். வாசிக்கும்போது இதை ஓர் உவமையாக எடுத்துக்கொண்டு தாண்டிப்போகிறோம். கண்ணாடியில் வரைகிறவருக்கு அது உவமையே இல்லை. கடலுக்கு எடுத்த அதே நீலத்தைத்தான் கண்ணுக்கும் விரலால் எடுத்து வைக்க வேண்டும். ஆள், படகு, மீன், தண்ணீர், வானம் எல்லாம் ஒரே ஈர வண்ணம். மீனைச் சகோதரா என்று கிழவன் கூப்பிடுகிறானே, அதைப் படம் வசனத்தில் சொல்கிறது. ஆனால் அதற்கு முன்பே திரை அதைக் காட்டிவிட்டது.

இதே நாவலை 1958-இல் ஜான் ஸ்டர்ஜஸ் முழுநீளப் படமாக எடுத்தார். ஸ்பென்சர் டிரேசி கிழவனாக நடித்தார். மோசமான படம் என்று சொல்லமாட்டேன். நாவலின் வரிகள் விவரிப்பாகவே நிறைய வரும், டிமித்ரி தியோம்கினின் இசைக்கு ஆஸ்கரும் கிடைத்தது. ஆனால் ஸ்டுடியோத் தொட்டியில் எடுத்த காட்சிகளும் நிஜக் கடல் காட்சிகளும் மாறி மாறி வரும்போது தையல் தெரிகிறது. ஆள் ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். புகழ்பெற்ற நடிகர் ஒருவர் படகில் உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்பு போவதே இல்லை. வரிகளை அதிகம் காப்பாற்றிய படம் அது. எனக்கு அதில் கிழவன் கிடைக்கவில்லை.

பெத்ரோவின் கையில் கிடைத்த இன்னொரு நன்மை நினைவு. நாவலில் கிழவன் கயிற்றைத் தோளில் சுமந்தபடி இருக்கும்போதே மனம் எங்கெங்கோ போய்வரும். சிறுவயதில் கப்பலில் போனது, ஆப்பிரிக்கக் கடற்கரையில் சிங்கங்களைப் பார்த்தது, காசாபிளாங்கா ஊரில் ஒரு மதுக்கடையில் பலசாலி ஒருவனோடு ஒரு பகலும் ஓர் இரவும் கைமல்லுக்கட்டியது. ஹெமிங்வே இதற்காக அத்தியாயம் பிரிக்கவில்லை. நூல் முழுக்க அத்தியாயமே கிடையாது. ஒரு வாக்கியத்தில் கடலில் இருப்பான், அடுத்த வாக்கியத்தில் இளைஞனாக இருப்பான். நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் இதைச் செய்ய வெட்டு வேண்டும், வேறு நடிகர் வேண்டும். கண்ணாடி ஓவியத்திலோ வெட்டைவிட உருமாற்றம்தான் சுலபம். ஏற்கெனவே இருக்கும் வண்ணத்தைத் தள்ளித் தள்ளி இன்னொன்றாக்குவதுதான் அந்த முறையின் இயல்பே. அதனால் கிழவனின் மனம் நழுவுகிறபோது படமும் நழுவுகிறது. படம் தொடங்குவதே அந்தச் சிறுவயதுக் கனவில்தான், பாய்மரமும் சிங்கங்களுமாக. கண் விழித்தால் 84 நாளாக மீன் படாத கிழவன். கனவுக்கும் குடிசைக்கும் நடுவே கோடு போடாமல் விட்டதை நான் இந்தத் தழுவலின் மிகப் பெரிய நேர்மையாகக் கருதுகிறேன்.

இது பெத்ரோவ் தற்செயலாகக் கண்டுபிடித்தது அல்ல. அவர் இலக்கியத்தைக் கண்ணாடியில் வரைந்தே பழகியவர். 1989-இல் வந்த 'பசு', ரஷ்ய எழுத்தாளர் ஆந்த்ரேய் பிளாத்தோனவின் சிறுகதை. கன்றைப் பறிகொடுத்த பசுவையும் அந்த வீட்டுச் சிறுவனையும் பற்றியது. 1992-இல் தஸ்தயேவ்ஸ்கியின் 'கேலிக்குரிய மனிதனின் கனவு'. 2006-இல் இவான் ஷ்மெல்யோவின் நாவலை வைத்து 'என் காதல்'. 'பசு'வும் 'என் காத'லும் ஆஸ்கர் பரிந்துரை வரை போனவை. அவர் எடுத்துக்கொண்ட கதைகளைப் பாருங்கள்: எல்லாவற்றிலும் ஒருவர் தனியாக ஏதோ ஒன்றை நினைத்துக்கொண்டிருக்கிறார், வெளியே நடப்பது குறைவு. தன் கைக்கு எது வரும் என்று தெரிந்து தேர்ந்தெடுத்திருக்கிறார். அவருடைய ஆசிரியர்களில் ஒருவர் ரஷ்ய அனிமேஷன் இயக்குநர் யூரி நார்ஸ்டெயின். அவர் கோகோலின் 'மேலங்கி' கதையை 1981-இல் அனிமேஷனாக எடுக்கத் தொடங்கி, நாற்பது ஆண்டுகள் கடந்தும் முழுப் படமாக வெளியிடவில்லை. அந்தப் பள்ளியிலிருந்து வந்த பெத்ரோவ் இரண்டே ஆண்டில் கிழவனின் படத்தை முடித்தார் என்பதை வேகம் என்று பார்க்க முடியவில்லை; அதற்குள் கிடந்த உழைப்பைத்தான் நினைக்கத் தோன்றுகிறது.

இந்தத் துறையில் நல்ல தழுவல்கள் எல்லாவற்றிலும் நான் கவனித்த ஒன்று, படம் செய்ய எடுத்துக்கொண்ட பொருளும் (வண்ணமோ, ஊசியோ, மணலோ) கதையும் ஒட்டிப்போவது. பிரான்சில் அலெக்ஸாண்டர் அலெக்ஸியேஃப், கிளேர் பார்க்கர் இருவரும் ஆயிரக்கணக்கான ஊசிகள் செருகிய பலகையில் வெளிச்சம் விழும்போது உண்டாகும் நிழலை வைத்தே 1963-இல் கோகோலின் 'மூக்கு' கதையை எடுத்தார்கள். கனடா தேசியத் திரைப்பட வாரியத்தில் கரோலின் லீஃப், காஃப்காவின் 'உருமாற்ற'த்தை மணலில் செய்தார். மனிதன் பூச்சியாவதை மணலைவிட நன்றாக எது சொல்லும்? அதே லீஃப் 1976-இல் கனடா எழுத்தாளர் மோர்டெகாய் ரிச்லரின் கதையை வைத்து எடுத்த 'தெரு' என்ற படமும் கண்ணாடியில் வண்ணம் தீட்டிச் செய்ததுதான். படுக்கையில் கிடக்கும் பாட்டி, அவளுடைய அறை எப்போது தனக்குக் கிடைக்கும் என்று காத்திருக்கும் பேரன். பத்து நிமிடம்தான். பிள்ளைகளுக்கு அதையும் காட்டுங்கள். பெத்ரோவ் அளவுக்கு நுணுக்கமான முகங்கள் இருக்காது, நாலு கோடுதான். ஆனால் அதே முறையை வேறொரு கை எப்படிக் கையாளும் என்று புரியும்.

இனி நீங்கள் சொன்ன குறைக்கு வருகிறேன். குறை இருக்கிறது.

'கிழவனும் கடலும்' நூற்றுச் சொச்சம் பக்கம். ஒரே மூச்சில் வாசித்தாலும் இரண்டு மணி நேரமாவது ஆகும். அந்த இரண்டு மணி நேரம் கதைக்குத் தேவை. கயிறு தோளை அறுக்கிறது, பக்கம் புரட்டுகிறோம், இன்னும் அறுத்துக்கொண்டே இருக்கிறது. இடது கை மரத்துப்போய் மடங்கிக்கொள்ள, அந்தக் கைக்காகவே பச்சைச் சூரை மீனைத் தின்றுவிட்டு, "கையே, எப்படி இருக்கிறாய்?" என்கிற மாதிரி அதனிடமே பேசுகிறானே, அந்தப் பகுதியில் வாசகனுக்கும் கை வலிக்கும். இருபது நிமிடத்தில் அந்த நேரம் கிடைக்காது. படத்தில் மூன்று நாள் கடந்துவிட்டது என்று நாம் அறிந்துகொள்கிறோம். மூன்று நாளை அனுபவிக்கவில்லை. சுறாக்கள் வரும் இடத்திலும் எனக்கு இதே மனக்குறை. நாவலில் ஒவ்வொரு சுறாவுக்கும் ஓர் ஆயுதம் போகும். முதலில் ஈட்டி, பிறகு துடுப்பில் கட்டிய கத்தி, பிறகு தடி, கடைசியில் சுக்கானின் பிடிக்கட்டை. கையில் இருந்தது ஒவ்வொன்றாகக் குறைந்து வெறுங்கையாவதுதான் அங்கே விஷயம். படம் அதைப் படிப்படியாக எண்ணிக்காட்ட நின்றிருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் வேண்டியிருக்கும். ஐந்து நிமிடம் என்றால் 7,200 ஓவியம். நாளைக்கு 38 என்று வைத்தால் அரை ஆண்டுக்கும் மேல். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் குறை குறைதான்.

இசையிலும் ஒரு சொல். இதற்கு இசையமைத்த நார்மன் ரோஜே நல்ல இசையமைப்பாளர், கனடா அனிமேஷன் இயக்குநர் ஃப்ரெடரிக் பாக்கின் படங்களுக்கு அவர் செய்தவை மறக்க முடியாதவை. இங்கே சில இடங்களில் இசை நம்மைத் தள்ளி உணரவைக்கப் பார்க்கிறது. ஹெமிங்வே வாக்கியத்தில் அப்படித் தள்ளவே மாட்டார். கடலின் சத்தத்தோடு மட்டும் விட்டிருக்கலாமே என்று இரண்டொரு இடத்தில் தோன்றியது.

ஆக, வரிக்கு வரி ஒப்பிட்டால் இழப்பு உண்டு. நல்ல தழுவலா என்றால் ஆம் என்பேன், தயங்காமல். காரணம், இந்த நாவல் அடிப்படையில் கையைப் பற்றியது. தழும்பேறிய கை, மரத்துப்போன கை, மல்லுக்கட்டில் ஜெயித்த கை, கடைசியில் குடிசையில் உள்ளங்கை மேலே பார்க்கக் கவிழ்ந்து தூங்குகிறவனின் கை. அதைக் கையாலேயே, பெரும்பாலும் இடையில் தூரிகைகூட இல்லாமல், ஒருவர் இரண்டு ஆண்டு நின்று வரைந்திருக்கிறார். ஐமேக்ஸ் திரைக்கென்று எடுத்ததற்கு இதுதான் பயன் என்று நினைக்கிறேன்: அலையின் வளைவில் விரல் இழுத்த தடம் கண்ணுக்குத் தெரியும். சில இடங்களில் மேகம் வெறும் கட்டைவிரல் ஒற்றல்.

அந்த 29,000 ஓவியங்களில் கண்ணாடியில் தங்கியவை எத்தனை இருக்க முடியும்? ஒவ்வொன்றும் அடுத்ததற்காக அழிக்கப்பட்டது. ஒரு காட்சி முடியும்போது அந்தக் காட்சியின் கடைசி ஓவியம் ஒன்றுதான் கண்ணாடியில் இருக்கும். கண்ணாடி வேண்டுமென்றால் அதையும் துடைக்க வேண்டும். கிழவன் பதினெட்டு அடி மீனைப் பிடித்துவிட்டு முள்ளோடு கரை சேர்கிறான். மறுநாள் காலையில் மீனவர்கள் கயிறு வைத்து அந்த முள்ளை அளக்கிறார்கள். அளக்கத்தான் முடிகிறது. கண்ணாடிக்கு முன்னால் நின்று என் மாணவி மழை மேகம் வரைந்த அன்றைக்குத்தான் அந்தக் காட்சி எனக்குச் சரியாகப் புரிந்தது.

வகுப்பில் எப்படிக் காட்டுவது என்பதற்கு ஒரு யோசனை. வாசித்து முடித்துவிட்டீர்கள் என்பதால் வரிசை சரி. படத்தை முதலில் பார்த்துவிட்டால் பிள்ளைகள் கிழவனுக்கு அந்த முகத்தையே கொடுத்துவிடுவார்கள். முதல் முறை நிறுத்தாமல், விளக்கை அணைத்து, இருபது நிமிடமும் ஓடவிடுங்கள். உடனே ஒப்பிடச் சொல்லாதீர்கள். இரண்டாம் முறை சத்தத்தை அணைத்துவிட்டுப் போடுங்கள். கிழவன் தனியாகக் கடலுக்குள் போகும் இடத்தில் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். லேப்டாப்பில் அது சுலபம். தண்ணீரில் எது அலை, எது விரல் என்று அவர்களே தேடட்டும். முடிந்தால் ஒரு ஜன்னல் கண்ணாடியும் மேசை விளக்கும் ஏற்பாடு செய்யுங்கள். அக்ரிலிக் வேண்டாம். எண்ணெய் வண்ணம் வாங்க வசதிப்படாவிட்டால் கண்ணாடிமேல் சலித்த மணலைப் பரப்பினாலும் போதும். கேமராவை டேப் போட்டு அசையாமல் ஒட்டிவிடுங்கள், யாராவது ஒருவர் கட்டாயம் இடிப்பார்கள். பன்னிரண்டு படம் எடுத்தால் போதும். அரை நொடிப் படகு கிடைக்கும்.